ஏழாவது ஆணி

என் கணவரின் தொப்பியில் இருந்த பித்தளைச் சின்னத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நிறையச் சொல்ல வரும். அவரைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு வராது. கல்யாணமாகி நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. அவர் முகத்தைவிடச் சின்னத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதைப் புளி போட்டுத் தேய்த்தவள் நான்தான்.

அது ஒரு லாடம். கோவேறு கழுதைக்கு அடிக்கிற லாடம். அதன் திறந்த வாய் மேலே பார்த்திருக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு ராஜ கிரீடம் உட்கார்ந்திருக்கும். கீழே ரிப்பன் மாதிரி ஒரு பட்டை, அதில் இங்கிலீஷ் எழுத்துகள். லாடத்தின் உடம்பில் ஏழு ஆணிகளுக்கு இடம் உண்டு. ஆறில் ஆணித் தலை புடைத்துக்கொண்டு நிற்கும். ஏழாவதில் ஆணி கிடையாது, ஊசி நுழைகிற அளவுக்கு வெறும் ஓட்டை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஓட்டையைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கம். அப்போது சேலம் ஜில்லா. மாமனாருக்குக் கேழ்வரகு விளைகிற காடு கொஞ்சம் இருந்தது, இரண்டு ஜோடி மாடும் ஒரு பார வண்டியும் இருந்தன. காட்டில் வேலை இல்லாத நாட்களில் புளியும் கொள்ளும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் வண்டி ஓட்டுவார். மாமியார் நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் மத்திகிரிப் பண்ணையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலையில் இருந்தவர். அங்கே பழகியதால் பட்டாளத்தில் கழுதைகளை வைத்துச் சாமான் சுமக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கழுதை வாங்க வந்தவர்கள் கூடவே இவரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவர் போன பிறகு வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். எங்கள் வகையில் மருமகள் மாமனாருக்கு முகம் கொடுத்துப் பேசக் கூடாது. மாமியார் இருக்கிற வீட்டில் பேச்சு அவர் வழியாகப் போகும். எங்கள் வீட்டில் அது மாட்டின் வழியாகப் போயிற்று. நான் தொழுவத்துப் பசுவைப் பார்த்து, "களி ஆயிடுச்சு, கை கழுவிக்கினு வந்தா போடலாம்" என்பேன். அவரும் பசுவைப் பார்த்து, "தோ வந்துட்டேன்னு சொல்லு" என்பார். பசு பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அசை போடும். பிறத்தியாருக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அதுவே வழக்கமாகி, அதில்லாமல் பேசவே வராது என்றாகிவிட்டது.

முதல் விடுப்பில் வந்தபோது கணவர் தொப்பியைக் கழற்றி அரிசிப் பானையின் மேல் வைத்தார். நான் சின்னத்தைப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"கால்ல அடிக்கறதத் தலையில வெச்சிக்கினு வந்திருக்கீங்க?"

"கச்சருக்குக் காலு, எங்களுக்குத் தலை" என்றார். பட்டாளத்தில் கோவேறு கழுதையைக் கச்சர் என்பார்கள். "அது நடந்தாத்தான் புள்ள நாங்க இருக்கறோம்."

அந்த லாடத்துக்கு இரண்டு கதைகள் இருந்தன. அதிகாரிகள் சொன்ன கதையில் ஏழாவது ஓட்டைக்கு வேலையே இல்லை. லாடத்தின் வாய் மேலே பார்த்திருந்தால் அதிர்ஷ்டம் தங்கும், கீழே கவிழ்த்தால் சிந்திவிடும் என்று வெள்ளைக்காரர்கள் நம்பினார்களாம். "அதிர்ஷ்டம் என்னா மோரா, சிந்தறதுக்கு?" என்று சொல்லி அவர் சிரித்தார்.

இன்னொன்று கழுதை ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு மணல் தேசத்தில் சண்டை. தண்ணீர்த் தோல்பைகளோடு போன ஒரு கச்சர் தனியாகக் கூடாரத்துக்குத் திரும்பி வந்தது. பைகளில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஓட்டிப் போனவனைக் காணவில்லை. கழுதையின் முன்னங்கால் லாடத்தில் ஒரு ஆணி விழுந்திருந்தது. லாடம் அடிப்பவன் புது ஆணியை எடுத்தபோது மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள், ஓட்டிப் போனவன் வந்து தன் கையாலேயே அடிக்கட்டும் என்று. பிறகு கம்பெனிக்குச் சின்னம் செய்தபோது ஒரு ஆணியை விட்டுவிட்டுச் செய்தார்கள்.

"வராதவனுக்கு எடம் வுட்டு வெச்சிருக்குது" என்றார்.

"அவன் வந்துட்டா?"

"வந்துட்டா அவனே அடிச்சிக்கினு போறான்."

"வரவே இல்லன்னா?"

அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது என்றார். என்னவென்று சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

அந்த விடுப்பில் தினமும் சின்னத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். புளியை ஊறவைத்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். கிரீடத்தின் இடது பக்கம் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது, கழுதை மிதித்ததாம். கரண்டிக் காம்பை வைத்து நிமிர்த்தப் பார்த்தேன். "வுடு, ராஜாவுக்கும் கோணல் இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். அந்த மடிப்பில் புளிச் சக்கை மாட்டிக்கொள்ளும். கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்கு அந்த இடம் தெரியும்.

இரண்டாம் தடவை வந்தபோது நாடு சுதந்திரம் வாங்கிவிட்டிருந்தது. தொப்பியில் கிரீடம் மட்டும் அப்படியே இருந்தது. "ராஜா போயிட்டாரு, கிரீடத்த எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே என் கையில் கொடுத்தார். நான் தேய்த்துக் கொடுத்தேன். அந்த விடுப்பு முடிவதற்குள் திரும்பச் சொல்லித் தந்தி வந்தது. காஷ்மீர்ப் பக்கம் சண்டை நடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் போன பிறகு இன்னொரு தந்தி வந்தது. சூளகிரி போஸ்ட்மாஸ்டர் படித்துத் தமிழில் சொன்னார். ஆளைக் காணவில்லை.

"காணாமப் போவறதுக்கு அவன் என்னா ஆட்டுக்குட்டியா?" என்று மாமனார் போஸ்ட்மாஸ்டரிடம் சண்டைக்குப் போனார். அவர் என்ன செய்வார், வந்ததைப் படித்தார்.

அதற்குப் பிந்தைய வருஷங்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. துக்கம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கேழ்வரகு விதைத்தோம், அறுத்தோம், அவரைக்காய் காய்த்தது. எனக்குள் மட்டும் எதுவும் நடக்கவில்லை. ஒரு தடவை கொதிக்கிற உலைத் தண்ணீர் கையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் அலறினாள். நான் அவளைப் பார்த்து, எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன்.

கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் பெண்ணுக்கு மஞ்சள் பூச என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமல் விட்டால் நான் கேட்டுவிடுவேனோ என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. அதனால் போனவுடனே கையில் அரிவாள்மனையைக் கொடுத்துப் பூசணிக்காய் நறுக்க உட்கார்த்திவிடுவார்கள். சூளகிரி சுற்றுவட்டாரத்தில் அந்த வருஷங்களில் நடந்த கல்யாணங்களின் பூசணிக்காய்ப் பாதி நான் நறுக்கியதுதான். பூ வைக்கிற தட்டோடு வருகிறவள் என் முன்னால் வந்ததும் கொஞ்சம் நிற்பாள். வைப்பதா தாண்டுவதா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றாது, வேண்டாம் என்றும் தோன்றாது. யாராவது ஒருவர் இது அல்லது அது என்று சொல்லிவிட்டால் போதும் என்று மட்டும் இருந்தது. அந்தக் காலம் முழுக்க நான் வேண்டியது அது ஒன்றைத்தான்.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், பார்சல் வந்தது. கம்பளி, பெல்ட், அலுமினியக் குவளை, ஒரு தொப்பி. கூடவே, இத்தனை காலம் தகவல் இல்லாததால் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று ஒரு காகிதம். கருதலாம் என்றால் என்ன? கருதுவதும் கருதாததும் உங்கள் இஷ்டம் என்று எங்களிடமே தள்ளிவிட்டார்கள். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் எரிச்சல்தான் வந்தது.

தொப்பியை எடுத்தேன். கட்டைவிரல் தானாகவே கிரீடத்தின் கோணலைத் தேடிப் போயிற்று. கோணல் இல்லை. கிரீடமே இல்லை. அந்த இடத்தில் மூன்று சிங்க முகங்கள் இருந்தன, காசில் இருக்கிற அதே சிங்கம். கீழே லாடம் அதே லாடம், ஆறு ஆணி, ஒரு ஓட்டை.

இது அவருடையது இல்லை என்று நினைத்தேன். யாருடையதையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் செத்தவன் வேறு யாரோ. ஆனால் பெல்ட்டில், வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்ட கருப்புத் தழும்பு இருந்தது. பெல்ட் அவருடையது, சின்னம் அவருடையது இல்லை. அதற்கு மேல் யோசிக்க என் தலை ஒத்துழைக்கவில்லை. எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போனேன்.

ஒரு வாரம் கழித்து மாமனார் பசுவிடம் வந்து சொன்னார்.

"அவனுக்கு ஒரு கல்லு நடணும்னு சொல்லு."

எங்கள் காட்டின் மேற்கு ஓரத்தில் வேடியப்பன் இருக்கிறார். கோயில் என்று கட்டடம் கிடையாது. புங்கமரத்தடியில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் வில்லோடு, அல்லது கத்தியோடு, காலடியில் ஒரு நாய். வகையறாவில் வெளியே போய்ச் சண்டையில் செத்தவர்கள் அவர்கள். உடம்பு ஊருக்கு வராதவனுக்குக் கல் நட்டால்தான் அவன் வீடு திரும்புவான் என்று நம்பிக்கை. கல் நட்டுப் பால் ஊற்றுகிற அன்றைக்கே அவன் பெண்டாட்டியின் தாலியைக் கழற்றுவார்கள். அதற்கு முன்னால் கழற்ற மாட்டார்கள். அதனால்தான் காகிதம் வந்த பிறகும் என் கழுத்தில் அது இருந்தது.

"என் மவன் வில்லப் புடிச்சானா, கத்தியப் புடிச்சானா? அந்த லாடத்தையே கல்லுல வெட்டச் சொல்றேன்னு சொல்லு" என்றார் மாமனார். அவரைப் பொறுத்தவரை அது சரியான யோசனை. போட்டோ எடுத்துக்கொண்டதில்லை, முகத்தை எப்படி வெட்டுவது?

கல் வெட்டுகிறவர்கள் குருபரப்பள்ளியில், ரோட்டை ஒட்டிய பாறையடியில் இருந்தார்கள். கிருஷ்ணகிரிக்குப் புளி ஏற்றிப் போகிற வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். குருபரப்பள்ளியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் என் கணவர் கம்பெனியிலேயே ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. மாமனார் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பாறைப் பக்கம் போனதும் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஹவில்தார் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமலே தொப்பியை வாங்கப் பார்த்தார். "கையத் தொடச்சிட்டு வாங்குங்கண்ணா" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டார்.

"இது அவரோடது இல்லீங்கண்ணா. அவரோடதுல கிரீடம் இருந்துச்சு."

"எல்லாருதுலயும்தான் இருந்துச்சு" என்றார். "குடியரசு ஆனப்பறம் கிரீடத்தையெல்லாம் வாங்கிக்கினு சிங்கத்தக் குடுத்தாங்க. ஒரு கோணிப்பை நெறைய கிரீடம். நான்தான் எண்ணிப் போட்டேன். பாதிப் பேரு குடுக்கவே மனசில்லாம குடுத்தாங்க. ராஜா மேல ஆசையில்லம்மா, தேச்சித் தேச்சி முகம் பழகிப்போன சாமான், அதான்."

"அவரு காணாமப் போனப்ப சிங்கம் வரல. அப்பறம் எப்படி அவருக்குச் சிங்கம்?"

சொல்லும்போதே என் குரல் எனக்குப் புதிதாகக் கேட்டது. கிரீடம் போன பிறகும் அவர் எங்கோ இருந்து, கை நீட்டிச் சிங்கத்தை வாங்கியிருக்க வேண்டும் என்பது வரை நான் யோசித்து வைத்திருந்தேன். ஹவில்தாருக்கு அது புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"அவன் தலையில இருந்த சின்னம் அவனோட போச்சு. இது அவன் மூட்டையில வுட்டுட்டுப் போன ரெண்டாவது தொப்பி. வெறுந்தொப்பிய வூட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு எங்க ஸ்டோர்ல ஒரு பழக்கம். இருக்கறத ஒண்ணு குத்தி அனுப்புவாங்க. இப்ப சிங்கம்தானே இருக்குது."

அவ்வளவுதான். சரி என்று கையை நீட்டினேன். அவர் திருப்பித் தராமல் சின்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ஓட்ட தெறந்திருக்குதே" என்றார்.

"அது எப்பவும் அப்படித்தானே? வராதவனுக்கு எடம்னு சொன்னாரு."

"அது உசுரோட இருக்கறவன் தொப்பியில. எங்க ஆளு ஒருத்தன் செத்தான்னா அவன் சின்னத்துல ஏழாவது ஆணிய அடிச்சித்தான் வூட்டுக்கு அனுப்பணும். அதுவும் ஆபீசரு அடிக்கக் கூடாது. கூட இருந்தவன், கண்ணால பாத்தவன், நெருங்கினவன், அவன்தான் அடிக்கணும். செத்தவன் வூடு வந்து சேந்துட்டான், இனிமே எதிர்பாக்க வேணாம்னு அர்த்தம்."

கணவர் சொல்லாமல் எழுந்து போன வழக்கம் இதுதான்.

"அப்ப இதுல அடிக்கலன்னா?"

"அடிக்கறதுக்கு ஆளு இல்லன்னு அர்த்தம். யாரும் பாக்கலம்மா. காகிதம் எழுதறவன் எழுதிட்டான். எங்க ஆளுங்க அடிக்கல." பிறகு அவசரமாகச் சொன்னார்: "இருக்கான்னு நான் சொல்லல. அப்படி நெனச்சிக்காத தங்கச்சி. பாக்கலன்னு மட்டும்தான் சொல்றேன்."

நான் வண்டிக்கு வந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எதிரே இருந்த புளிமூட்டை தெரிந்தது. இத்தனை வருஷம் ஒன்றும் இல்லாமல் இருந்த இடத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்த கை செத்த கையாகவே இருந்துவிட்டால் வலிக்காது. இப்போது இதற்கு உயிர் வரவேண்டிய அவசியம் என்ன? ஆனாலும் வந்துவிட்டது. அன்றைக்கு நான் அவர் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். மூக்கு வரைக்கும் வந்தது.

திரும்பி வரும்போது மாமனார் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். நான் பின்னால் இருந்து மாட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"கல்லு இப்ப நட வேணாம். கொஞ்ச நாள் போவட்டும்."

அவர் காரணம் கேட்பார் என்று பயந்தேன். வண்டி ரொம்ப தூரம் போயிற்று. தார் ரோட்டில் லாடங்கள் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

"செரின்னு சொல்லு" என்றார் கடைசியில். "நடறத அப்பறம் பாத்துக்கலாம். வெட்டறது வெட்டட்டும், சொல்லியாச்சு. பாத்து வெட்டறதுக்கு அந்தச் சின்னத்த மட்டும் குடுக்கச் சொல்லு."

கொடுத்தேன். ஓட்டையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். எப்படிச் சொல்வது? களி ஆயிற்று, மழை வருகிறது, கன்றுக்குக் கழிச்சல், இவ்வளவுதான் மாட்டின் வழியாகப் போகும். உங்கள் மகன் செத்ததை யாரும் பார்க்கவில்லையாம் என்பதை எந்த மாட்டிடம் சொல்ல முடியும்?

அந்த நாட்களில் நான் கொஞ்சம் மாறியிருந்தேன். கல்யாண வீடு ஒன்றில் பூத்தட்டு வந்தபோது நானே கையை நீட்டி ஒரு கண்ணி பூ எடுத்து வைத்துக்கொண்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

கேழ்வரகு அறுப்பு முடிந்த சமயம். மாமனார் வண்டியை அவிழ்த்துவிட்டு நேராகத் தொழுவத்துக்கு வந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு. மகன் போன பிறகு அவரை அப்படி நான் பார்த்ததில்லை. துண்டின் முடிச்சை அவிழ்த்துச் சின்னத்தை எடுத்து, பசுவின் முன்னால் இருந்த தொட்டி விளிம்பில் வைத்தார்.

"இதப் பாக்கச் சொல்லு" என்றார். "கல்லு வெட்டறவன் என்னா கேக்கறான் தெரியுமா? ஒரு ஆணி இல்லியே, இதையும் இப்படியே வெட்டவான்னு கேக்கறான். எனக்கு மானமே போச்சு. மீச மொளச்ச நாள்லேருந்து மாட்டுக்கு லாடம் கட்டிக்கினு இருக்கறேன். ஒரு ஆணி வுட்டா மாடு நொண்டும்னு எனக்குத் தெரியாதா? பட்டாளத்துல எவனோ சோம்பேறி, என் மவன் லாடத்துல போயி ஒரு ஆணிய வுட்டுட்டான். என் மவன் காலம் பூரா நொண்டிக்கினே போவணுமா?"

நான் கையிலிருந்த தீனிக் கூடையைக் கீழே வைத்தேன்.

"சூளகிரியில லாடம் கட்டறவன்கிட்ட எடுத்துக்கினு போனேன். இத்தினூண்டு ஆணி எங்கிட்ட ஏதுன்னான். செப்புக் கம்பிய அறுத்து, காய வெச்சி, பக்கத்துலயே குந்திக்கினு அடிக்க வெச்சேன். கடைசி அடி நான்தான் அடிச்சேன்னு சொல்லு. இனிமே அவன் நல்லா நடப்பான்."

தொட்டி விளிம்பிலிருந்து அதை எடுத்தேன். கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சிங்கம், சிங்கம், சிங்கம். பிறகு ஆணிகள். ஏழாவது இடத்தில் விரல் உள்ளே இறங்கவில்லை. செம்பு ஆணி மற்ற ஆறையும்விட நன்றாக அடிக்கப்பட்டு, அரத்தால் மழமழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. பின்பக்கமும் மடக்கி அடித்திருந்தார்கள். இனி எடுக்க வேண்டுமென்றால் லாடத்தையே உடைக்க வேண்டும்.

கூட இருந்தவன், நெருங்கினவன் அடிக்கணும் என்று ஹவில்தார் சொன்னது காதில் கேட்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இந்த மனிதர் தன் கையாலேயே மகனைக் கொன்றுவிட்டு வந்து நல்லா நடப்பான் என்கிறாரே என்று இருந்தது. அது ஒரு நொடிதான். பிறகு, மண்ணெண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி எல்லாம் அடங்கிவிட்டது. இது அல்லது அது என்று யாராவது சொன்னால் போதும் என்று இருந்தேன் அல்லவா, சொல்லிவிட்டார்கள். சொல்ல உரிமை உள்ளவரே சொல்லிவிட்டார்.

நான் பசுவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில், நேராக, அதற்கு முன்னால் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் கணவரின் மூக்கு அங்கே இருந்தது. வாயும் இருந்தது.

"நல்லா அடிச்சிருக்கீங்க மாமா" என்றேன். "கல்ல நட்டுடலாம் மாமா."

அவருடைய பூரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துப் பசுவிடம் திரும்பினார். "கேட்டியா, நட்டுடலாமாம்" என்று பசுவிடம் சொன்னார். சொல்லிவிட்டு அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. காகிதம் வந்த அன்றுகூட அவர் அழவில்லை. நான் சொல்வதற்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

கல் நட்ட அன்று ஊர் முழுக்கப் புங்கமரத்தடிக்கு வந்திருந்தது. கல்லில் லாடம் நன்றாக விழுந்திருந்தது, ஏழு ஆணியும் உருண்டையாக. சிங்கங்கள்தான் நாய் மாதிரி வந்துவிட்டன. ஊராருக்கு அது திருப்தி, மற்றக் கற்களிலும் நாய் இருக்கிறதே. என் தாலியைக் கழற்றினார்கள். கழற்றியவள் அழுதாள். எனக்குக் கழுத்தில் காற்றுப் பட்டது, அவ்வளவுதான். என்னைப் பெண்களுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

ஹவில்தார் சைக்கிளில் வந்தார். பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, விறைப்பாகக் கல்லின் எதிரில் போய் நின்றார். கல்லைப் பார்த்தார். அதன் அடியில் வெற்றிலையின் மேல் வைத்திருந்த சின்னத்தைக் குனிந்து பார்த்தார். செம்பு ஆணியைப் பார்த்ததும் நிமிர்ந்து சல்யூட் அடித்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"சேதி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்கண்ணா."

"பாத்தவன் இருக்கானா? யாரு அடிச்சது ஆணிய?"

மாமனார் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். விரல் நுனியில் மஞ்சளைத் தொட்டு ஒவ்வொரு ஆணிக்கும் வைத்துக்கொண்டு வந்தார். ஏழாவதற்கு வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கப்பா" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு அழுகை வந்தது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.